டெல்லிக்காகப் பேசியவர்களிடம் ஒரு புதுச்சேரிக்காரனின் கேள்வி

2023 ஆகஸ்ட் 7ஆம் தேதி ராத்திரி, டெல்லி அரசு தொடர்பான திருத்த மசோதா மாநிலங்களவையில் 131க்கு 102 என்ற கணக்கில் நிறைவேறியது. தொண்ணூறு வயதில் மன்மோகன் சிங் சக்கர நாற்காலியில் வந்திருந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார். அதற்கு நாலு நாள் முன்னால் மக்களவையில் இதே மசோதா வந்தபோது ஆம் ஆத்மி உறுப்பினர் சுஷில் குமார் ரிங்கு காகிதத்தைக் கிழித்து எறிந்ததற்காக அந்தக் கூட்டத்தொடர் முழுக்க இடைநீக்கம் ஆனார். எதிர்க்கட்சிகள் "ஜனநாயகப் படுகொலை" என்றார்கள். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசின் கையைக் கட்டிவிட்டு, மத்திய அரசு நியமித்த ஒருவரிடம் சாவியைக் கொடுப்பதா என்று கேட்டார்கள்.

சரியான கேள்வி. அதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் புதுச்சேரிக்காக யாரும் அந்தக் குரலில் கேட்டதில்லை. டெல்லிக்கு 2023இல் வந்தது எங்களுக்கு 1963லேயே வந்துவிட்டது.

பாரதி பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். பூங்காவின் ஒரு பக்கம் ஆளுநர் மாளிகையான ராஜ் நிவாஸ், இன்னொரு பக்கம் சட்டப்பேரவை. ஆகவே என் பிழைப்பில் பாதி மனு அடிப்பதுதான். முதியோர் உதவித்தொகை, பட்டா, அப்பா இறந்தபின் வாரிசு வேலை, சாக்கடை அடைப்பு, எல்லாம் வரும். எந்த ஊரிலும் மனு அடிப்பவருக்கு முதல் கேள்வி "யாருக்குப் போடணும்" என்பதுதான். இங்கே வருகிறவர்களில் பலருக்கு அதற்குப் பதில் தெரியாது. "முதல்வருக்கு ஒண்ணு, கவர்னருக்கு ஒண்ணு போட்டுடு தம்பி. எதுக்கும் இருக்கட்டும்" என்பார்கள். உள்ளே இருக்கிற விஷயம் ஒன்றே. மேலே "பெறுநர்" மட்டும் மாறும். இரண்டு பிரதி, இரண்டு உறை, இரண்டு வாசல். அறுபது ஆண்டுக்கு மேலாகச் சட்டசபை இருக்கிற ஓர் ஊரில், கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று ஜனங்களுக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை.

டெல்லி சட்டத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். 2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு, அதிகாரிகளை நியமிப்பதும் மாற்றுவதும் டெல்லி அரசின் அதிகாரம் என்று தீர்ப்புச் சொன்னது. போலீஸ், பொது ஒழுங்கு, நிலம் மூன்றும் மட்டும் விலக்கு. எட்டே நாளில், மே 19 அன்று, மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதைத்தான் ஆகஸ்டில் மசோதாவாக்கி நிறைவேற்றினார்கள். அதன்படி அதிகாரிகள் விவகாரத்துக்கு ஓர் ஆணையம். அதில் மூன்று பேர்: தலைவராக முதல்வர், கூடவே தலைமைச் செயலாளர், உள்துறை முதன்மைச் செயலாளர். முடிவு பெரும்பான்மைப்படி. அதாவது இரண்டு அதிகாரிகள் சேர்ந்தால் முதல்வரையே தோற்கடிக்கலாம். அதையும் தாண்டி முடிவு எடுக்கிறவர் துணைநிலை ஆளுநர். முதல்வரின் கீழ் வேலை பார்க்க வேண்டிய அதிகாரி, அவர் எதிரிலேயே உட்கார்ந்து அவருக்கு எதிராக ஓட்டுப் போடலாம் என்று சட்டம் எழுதிக் கொடுக்கிறது.

அதற்கு முன் 2021இல் வந்த திருத்தம் இன்னும் நேராகவே பேசியது. டெல்லி சட்டப்பேரவை இயற்றும் சட்டங்களில் "அரசு" என்று வந்தால் அது துணைநிலை ஆளுநரைத்தான் குறிக்கும் என்றது. அன்றாட நிர்வாகத்தைப் பேரவையோ அதன் குழுவோ விசாரிக்கக் கூடாது என்றது. இந்த இரண்டு சட்டத்தையும் எதிர்த்தவர்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன்.

எங்களை ஆள்வது 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம். பேரவைக்கு முப்பது பேரை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம். அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, மூன்று பேர் வரை மத்திய அரசே நியமிக்கலாம் என்கிறது. 44ஆம் பிரிவின்படி அமைச்சரவைக்கும் ஆளுநருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் டெல்லிக்கு, அதாவது மத்திய அரசிடம், போகும். அது திரும்பி வருவதற்குள் அவசரம் என்று தோன்றினால் ஆளுநரே நடவடிக்கை எடுக்கலாம். 50ஆம் பிரிவு இன்னும் சுருக்கம்: ஆளுநரும் அமைச்சரவையும் குடியரசுத் தலைவரின் பொதுவான கட்டுப்பாட்டில் இருப்பார்கள், அவர் தரும் உத்தரவுகளுக்குக் கட்டுப்படுவார்கள். நடைமுறையில் அது மத்திய உள்துறை.

ஏட்டளவில் எங்கள் பேரவைக்கு டெல்லியைவிட அதிகாரம் ஜாஸ்தி. மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் இரண்டிலும் சட்டம் போடலாம். போலீஸும் நிலமும்கூட விலக்கில்லை. 2019 ஏப்ரல் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர். மகாதேவன், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிட முடியாது என்று தீர்ப்புச் சொன்னபோது இங்கே வெடி வெடித்தார்கள். ஒரு வருடம்கூட ஓடவில்லை. 2020 மார்ச்சில் இரண்டு நீதிபதி அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

நியமன எம்.எல்.ஏ. விஷயத்தைத்தான் நான் முதலில் வைப்பேன், ஏனென்றால் வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டால் நம்புவதில்லை. 2017 ஜூலை 4ஆம் தேதி அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி ராஜ் நிவாஸில் வைத்து மூன்று பேருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். மூன்று பேரும் பாஜக. 2016 தேர்தலில் அந்தக் கட்சிக்கு இங்கே ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. காங்கிரஸ் முதல்வர் நாராயணசாமியிடம் யாரும் கேட்கவில்லை. அன்றைய சபாநாயகர் வைத்திலிங்கம் அவர்களை ஏற்க மறுத்தார். வழக்கு சென்னைக்குப் போய், அப்புறம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2018 டிசம்பர் 6 அன்று தீர்ப்பு வந்தது: நியமனம் மத்திய அரசின் அதிகாரம், மாநில அமைச்சரவையைக் கேட்க வேண்டியதில்லை, அந்த மூவரும் பட்ஜெட்டிலும் நம்பிக்கை வாக்கெடுப்பிலும்கூட ஓட்டுப் போடலாம். சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நீதிபதிகள் அதைப் படித்துச் சொன்னார்கள். பிழை சட்டத்தில் இருக்கிறது.

அதன் விலை 2021 பிப்ரவரி 22 அன்று தெரிந்தது. ஆளுங்கட்சியிலிருந்து ஒவ்வொருவராக ராஜினாமா செய்துவிட்டிருந்தார்கள். நம்பிக்கை கோரும் தீர்மானம் வந்த அன்று முதல்வர் தரப்பில் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர், எதிர்த்தரப்பில் 14 பேர். அந்தப் பதினாலில் மூன்று பேர் எந்தத் தொகுதியிலும் ஜெயித்து வராதவர்கள். அரசு கவிழ்ந்தது. கட்சி தாவியவர்களை நான் நியாயப்படுத்த மாட்டேன். அவர்களும் இந்த வீழ்ச்சிக்குப் பொறுப்பு. ஆனால் அந்த மூன்று பேர் இல்லாமல் அன்றைய கணக்கு நின்றிருக்காது.

அதே ஆண்டு மே மாதம் ரங்கசாமியின் என்.ஆர். காங்கிரஸ், பாஜக கூட்டணி ஜெயித்தது. ரங்கசாமி முதல்வராகப் பதவியேற்று கொரோனாவோடு சென்னையில் மருத்துவமனையில் இருந்த சமயத்தில் மறுபடி மூன்று நியமனம். மூன்றும் பாஜக. தேர்தலில் என்.ஆர். காங்கிரஸுக்குப் பத்து இடம், பாஜகவுக்கு ஆறு. நியமனத்துக்குப் பிறகு பத்துக்கு ஒன்பது. மக்கள் கொடுத்த நாலு இட வித்தியாசம் ஓர் அறிவிப்பாணையில் ஒன்றாகக் குறைந்தது. தன் கூட்டணிக் கட்சியின் முதல்வருக்கே இதுதான் நடக்கும் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ரங்கசாமிதான் பின்னாளில், அதிகாரம் இல்லாமல் நிர்வாகம் நடத்துவது மன உளைச்சல் என்று வெளிப்படையாகச் சொன்னார். மாநில அந்தஸ்து ஒன்றே வழி என்றார்.

"எதுக்குப்பா இந்த அதிகாரச் சண்டை நமக்கு, யார் கையெழுத்துப் போட்டா என்ன" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அரிசிக் கதையைத்தான் சொல்வேன்.

காங்கிரஸ் அரசு சிவப்பு ரேஷன் கார்டுக்கு (வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள்) 20 கிலோ, மஞ்சள் கார்டுக்கு (மற்றவர்கள்) 10 கிலோ இலவச அரிசி என்றது. ஆளுநர் மாளிகை, அரிசி வேண்டாம், பணமாக வங்கிக் கணக்கில் போடு என்றது. சிவப்புக்கு 600 ரூபாய், மஞ்சளுக்கு 300. அமைச்சரவை அரிசி என்று முடிவெடுத்தும் கருத்து வேறுபாடு என்று கோப்பு டெல்லிக்குப் போனது. டெல்லி பணம் என்றது. பணம்தான் என்று ஆனது. ரேஷன் கடைகள் இழுத்து மூடப்பட்டன. அந்தக் கடைகளில் எடை போட்டவர்கள் சம்பளம் இல்லாமல் தெருவில் நின்றார்கள். அவர்களுக்கும் நான் மனு அடித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் இரண்டு பிரதி. கடைகள் மறுபடி திறந்து அரிசி கொடுத்தது 2024 தீபாவளி நேரத்தில்.

எங்கள் வீட்டிலும் சிவப்பு கார்டு. அம்மாவின் கணக்கில்தான் பணம் விழும். சில மாதம் விழும், சில மாதம் விழாது. விழாத மாதம் வங்கிக்குப் போனால் துறையைக் கேளுங்கள் என்பார்கள், துறைக்குப் போனால் கோப்பு மேலே போயிருக்கிறது என்பார்கள். அம்மா கேட்டது இதுதான்: "அரிசி நல்லா இல்லேன்னா எம்.எல்.ஏ. வீட்டு வாசல்ல போய்க் கொட்டலாம். பணம் வரலேன்னா எங்கடா போய் நிக்கறது?" இரண்டு அரசியல் சட்ட அமர்வுகளின் தீர்ப்பைப் படித்த பிறகும், இந்தக் கேள்வியைவிடத் தெளிவாக இந்தப் பிரச்சினையை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. ஆளுநரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே அடுத்த தேர்தலில் தோற்கடிக்கவும் முடியாது. அரிசியா பணமா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம். முடிவு தவறானால் யார் வாசலில் போய் நிற்பது என்பதற்கு ஒரு முகவரி இருக்க வேண்டும்.

எதிர்க்கருத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என் வீட்டிலேயே இருக்கிறது. என் மாமா முத்தியால்பேட்டையில் இருக்கிறார், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். "மாப்ளே, நம்ம ஆளுங்களை நம்பி முழு அதிகாரமும் குடுத்தா வாரியம், கழகம்னு ஆளாளுக்கு ஒண்ணு பிரிச்சுக்குவாங்க. மேல ஒருத்தர் இருந்தாத்தான் பயம் இருக்கும். அந்தம்மா காலையில அஞ்சு மணிக்கு வாய்க்காலைப் பாக்கப் போனாங்க, எந்த மந்திரி போனான்?" என்பார். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கிரண் பேடிக்கு இங்கே உண்மையாகவே ஆதரவு இருந்தது. வாய்க்கால் தூர் வாரியதை ஜனங்கள் மறக்கவில்லை. சின்ன ஊரில் பதவிப் பங்கீடு எவ்வளவு அசிங்கமாக நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் மாமாவிடம் நான் சொல்வது இது: தட்டிக் கேட்க கணக்குத் தணிக்கை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, எதிர்க்கட்சி இருக்கிறது, அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை நீங்களே இருக்கிறீர்கள். தமிழ்நாட்டிலும் ஊழல் உண்டு. அதற்காக அந்த அமைச்சரவையின் ஒவ்வொரு கோப்பையும் டெல்லி பார்க்கட்டும் என்று யாரும் சொல்வதில்லை. நல்ல ஆளுநர் வந்தால் நல்லது நடக்கும் என்பதும் ஓர் ஏற்பாடா? 2019 பிப்ரவரியில் முதல்வரே கறுப்புச் சட்டையோடு ராஜ் நிவாஸ் வாசலில் தெருவில் படுத்துத் தூங்கினார், ஐந்தாறு நாள். 2021 ஜனவரியில் அந்த வட்டாரம் முழுக்கத் தடுப்பு வைத்து, துணை ராணுவத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். என் கடைக்கு வர வேண்டியவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். 2020 ஜூலையில் ஆளுநர் உரையே இல்லாமல் பட்ஜெட் வாசித்தார்கள். இவையெல்லாம் இரண்டு பேரின் குணத்தால் மட்டும் வந்ததில்லை. ஒரே வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் மாடு பூட்டிய சட்டம் அது. யார் வந்து உட்கார்ந்தாலும் இழுபறிதான்.

சரி, டெல்லிக்காகப் பேசியவர்களிடம் என் கேள்வி என்ன?

2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரைப் பிரித்து யூனியன் பிரதேசமாக்கும் மசோதா வந்தது. ஒரு முழு மாநிலத்தை, அதன் சட்டப்பேரவையே கலைந்து கிடந்த நேரத்தில், அங்கிருந்து ஒரு தீர்மானமும் இல்லாமல் கீழே இறக்கிய சட்டம். ஆம் ஆத்மி அதை ஆதரித்தது. கேஜ்ரிவால் அன்றே ஆதரவைத் தெரிவித்தார். நாலு வருஷம் கழித்து அவர் நாடு முழுக்கச் சுற்றி, சென்னைக்கும் வந்து ஸ்டாலினைப் பார்த்து, டெல்லிக்காக ஆதரவு கேட்டார். ஸ்டாலின் கொடுத்தார், திமுக இரண்டு மசோதாவையும் எதிர்த்தது, அந்த வகையில் அவர்கள் நிலை மாறவில்லை. காஷ்மீர் விஷயத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று ஒமர் அப்துல்லா கேஜ்ரிவாலைக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

அந்தக் காஷ்மீர் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதுச்சேரிக்குப் பொருந்தும் அரசியலமைப்புச் சட்டப் பிரிவு 239ஏ, இனி ஜம்மு காஷ்மீருக்கும் பொருந்தும் என்று அதில் எங்கள் ஊரின் பெயரை எழுதியிருக்கிறது. ஆக, ஒரு மாநிலத்தின் அதிகாரத்தைக் குறைக்க நினைத்தபோது அவர்களுக்குத் தயாராக ஓர் அச்சு கையில் கிடைத்திருக்கிறது. எங்களுக்கு 1963இல் போட்ட ஏற்பாட்டை அத்தனை வருஷமும் யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டதால்தான் அது அடுத்தவர் தலையில் வைக்கத் தோதாக இருந்தது. காங்கிரஸ் மத்தியில் எத்தனை ஆண்டு இருந்தது? எங்கள் நாராயணசாமியே பிரதமர் அலுவலகத்தில் இணையமைச்சராக இருந்தவர். திமுக அந்தக் கூட்டணியில் இருந்தது. நியமன எம்.எல்.ஏ. பிரிவை நீக்க அப்போது ஒரு வரித் திருத்தம் போதும்.

பாஜகவும் இதில் விதிவிலக்கில்லை. 2003இல் டெல்லிக்கு மாநில அந்தஸ்து தரும் மசோதாவைக் கொண்டுவந்தவர் பாஜகவின் அத்வானி. இருபது வருஷம் கழித்து டெல்லியின் கையைக் கட்டியதும் அதே கட்சி. மேலே ஆட்சியில் இருப்பவர்கள் கீழே எதிர்க்கட்சியாக இருந்தால் கட்டுப்பாடு வேண்டும் என்பார்கள். கீழே தாங்களே ஆளும்போது சுதந்திரம் வேண்டும் என்பார்கள். 2023இல் காங்கிரஸ் டெல்லி மசோதாவை எதிர்ப்பதா வேண்டாமா என்று எதிர்க்கட்சிகளின் பாட்னா கூட்டம் முடிந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தது. பெங்களூரு கூட்டத்துக்கு முந்தின நாள்தான் எதிர்ப்பதாக அறிவித்தது. முன்பு டெல்லி முதல்வராக இருந்த தங்கள் ஷீலா தீட்சித்துக்கு இல்லாத அதிகாரம் கேஜ்ரிவாலுக்கு எதற்கு என்று டெல்லி காங்கிரஸார் வாதாடினார்கள். அந்த அதிகாரம் ஷீலா தீட்சித்துக்கும் கிடைத்திருக்க வேண்டியது என்பதுதான் அதற்கு நேர்மையான பதில். அதிமுக மசோதாவை ஆதரித்தது. மாநிலங்களவையில் புதுச்சேரிக்கு இருப்பது ஒரே இடம். அதில் அப்போது இருந்தவர், 2017இல் நியமிக்கப்பட்ட அந்த மூன்று எம்.எல்.ஏ.க்களில் ஒருவர்.

2025இல் டெல்லியில் பாஜக ஆட்சி வந்துவிட்டது. ஆளுநருக்கும் முதல்வருக்கும் இப்போது சண்டை இல்லை. ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது. நாளைக்கு வேறு கட்சி வந்தால் அந்த மூன்று பேர் ஆணையம் மறுபடி வேலை காட்டும். ஆட்சி மாறியதும் எதிர்ப்பும் அடங்கிப்போனது.

எங்களிடம் மற்ற பிரதேசங்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்ஸும் கையெழுத்திட்ட ஒப்படைப்பு ஒப்பந்தம். அதன் இரண்டாம் பிரிவு, இந்தப் பகுதிகளின் அரசியலமைப்பு நிலையில் பின்னாளில் எந்த மாற்றம் செய்வதானாலும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்கிறது. 1954 அக்டோபரில் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள், எதிராக எட்டு. கேட்டுத்தான் சேர்த்தார்கள். 1979இல் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைப் பக்கத்து மாநிலத்தோடு இணைக்கலாம் என்று பேசியபோது ஊரே தெருவில் இறங்கியது. துப்பாக்கிச் சூடு வரை போனது. என் அப்பா அந்த ஊர்வலங்களில் நடந்தவர். அதற்குப் பிறகு இணைப்புப் பேச்சை எந்தப் பிரதமரும் எடுக்கவில்லை. அந்த எதிர்ப்பு எந்தக் கட்சியின் நாற்காலிக்காகவும் நடக்கவில்லை, அதனால்தான் ஜெயித்தது என்று அப்பா சொல்வார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 20ஆம் தேதி மக்களவையில் அமித் ஷா மூன்று மசோதாக்களை வைத்தார். முப்பது நாள் தொடர்ந்து காவலில் இருந்தால் பிரதமர், முதல்வர், அமைச்சர் யாராக இருந்தாலும் பதவி போய்விடும் என்பதுதான் சாரம். தண்டனை வேண்டாம், குற்றப்பத்திரிகைகூட வேண்டாம், காவல் போதும். எதிர்க்கட்சிகள் நகல்களைக் கிழித்து எறிந்தார்கள். மசோதாக்கள் கூட்டுக் குழுவுக்குப் போயின; திரிணாமூல், சமாஜ்வாதி, ஆம் ஆத்மி போன்ற கட்சிகள் குழுவையே புறக்கணித்தன. தொலைக்காட்சியில் நான் பார்த்த விவாதமெல்லாம் 130ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தைப் பற்றியே. கூட வந்த மற்ற இரண்டில் ஒன்று யூனியன் பிரதேச அரசுகள் திருத்த மசோதா. எங்கள் 1963 சட்டத்தில் அமைச்சர் நியமனம் பற்றிய 45ஆம் பிரிவில் கை வைக்கும் மசோதா. நகலைக் கிழித்தவர்களில் எத்தனை பேர் அந்த இரண்டாவது மசோதாவைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள்?

அந்தச் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு நேரம் கிடைக்கிறது என்பதை நான் கவனித்துக்கொண்டேன். 2023 டிசம்பரில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இட ஒதுக்கீடு தரவும் அதைத் திருத்தினார்கள். அது நல்ல திருத்தம், வரவேற்கிறேன். ஆக, அது கல்வெட்டு இல்லை. மத்திய அரசு நினைத்தால் திருத்தலாம். எதிர்க்கட்சிகள் நினைத்தால் திருத்தக் கோரலாம்.

நிதி விஷயத்தை ஒரு வரியில் முடிக்கிறேன், எழுதினால் தனிப் பதிவு ஆகும்: மத்திய நிதிக் குழு வரியில் பங்கு பிரிக்கும் மாநிலங்களின் வரிசையில் நாங்கள் இல்லை, 2007இலிருந்து தனிக் கணக்கு வைத்துக் கடனை மட்டும் மாநிலத்தைப் போல நாங்களே சுமக்கிறோம்.

மாநில அந்தஸ்து கேட்டு எங்கள் பேரவை எத்தனையோ தீர்மானம் போட்டுவிட்டது. ஒவ்வொன்றும் டெல்லிக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே அதைவிடச் சின்னதாக, இன்றைக்கே செய்யக்கூடியதாக ஒன்றைக் கேட்டு நான் மனு அடித்திருக்கிறேன். இந்த முறை பெறுநர் யார் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. எங்கள் மக்களவை உறுப்பினர் வைத்திலிங்கம். 2017இல் நியமன உறுப்பினர்களை ஏற்க மாட்டேன் என்று சபாநாயகராக நின்றவர் அவர்தான். அந்த அவமானம் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடாளுமன்றம் கூடும்போது வெள்ளிக்கிழமை மதியம் தனிநபர் மசோதாக்களுக்கு நேரம் ஒதுக்குகிறார்கள். அதில் 1963 சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா வைக்க வேண்டும்: நியமனப் பிரிவு நீங்க வேண்டும், குறைந்தபட்சம் நியமன உறுப்பினர் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓட்டுப் போடக் கூடாது, கருத்து வேறுபாடு என்று ஆளுநர் ஒரு கோப்பை டெல்லிக்கு அனுப்பினால், காரணத்தை எழுத்தில் பேரவையில் வைக்க வேண்டும், இத்தனை நாளுக்குள் பதில் வர வேண்டும், இந்தச் சட்டத்தில் இனி எந்தத் திருத்தம் வந்தாலும் முதலில் புதுச்சேரி பேரவையின் கருத்தைக் கேட்க வேண்டும்.

தனிநபர் மசோதா தோற்கும், தெரியும். ஆனால் பெயர் சொல்லி வாக்கெடுப்பு கேட்கட்டும். 2023இல் டெல்லிக்காக எதிர்த்து ஓட்டுப் போட்ட கட்சிகள் எங்களுக்காக எந்தப் பக்கம் ஓட்டுப் போடுகின்றன என்பது பதிவாகட்டும். மனுவின் நகல் கடையில் இருக்கிறது. காரைக்கால், மாகே, ஏனாம் நண்பர்கள் கேட்டால் கோப்பாகவே அனுப்புகிறேன். மலையாளத்திலும் தெலுங்கிலும் மாற்றித் தர யாராவது முன்வந்தால் அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. பிரதிக்குக் காசு வேண்டாம்.